படகோடு மேலேற மறுக்கும் டிரக்

படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. தண்ணீருக்குள் இறங்கும் சாய்தளத்தில் இழுத்துக்கொண்டு மேலே வரவேண்டியதுதான் பாக்கி. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பார்ப்பவர்கள் உடனே சொல்வது, ‘வண்டிக்கு இழுவை பத்தவில்லை’. இன்ஜினைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டயர் பிடிக்கக்கூடியதற்கு மேலேயே விசை வருவதால்தான் சக்கரம் சுற்றுகிறது. பற்றாக்குறை எல்லாம் டயருக்கும் தரைக்கும் நடுவில்.

எவ்வளவு பற்றாக்குறை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரக் 2500 கிலோ, படகும் டிரெய்லரும் சேர்ந்து 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். படகு இறக்கும் சாய்தளங்கள் பெரும்பாலும் 12 முதல் 15 சதவீதச் சரிவில் கட்டப்படுகின்றன. 14 சதவீதம் என்றால் கோணம் 8 டிகிரிதான், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் 4500 கிலோவும் பின்னோக்கி உருளாமல் பிடிக்கவே சுமார் 630 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். டயர் உருளும்போது விழுங்குவதையும் சேர்த்தால் 690. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 630-இல் 350 படகுக்காக அல்ல, டிரக் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளத்தான்.

சரி, இந்த 690 எங்கிருந்து வரவேண்டும்? பின்சக்கரம் மட்டும் ஓட்டும் வண்டியில் பின் அச்சின் மேல் அழுந்தும் எடையிலிருந்துதான். சரக்கு ஏற்றாத பிக்கப்பில் இன்ஜின் இருக்கும் முன்பக்கம்தான் கனம். பின் அச்சுக்கு 1050 கிலோ போல வரும். மேட்டில் ஏறும்போது எடை கொஞ்சம் பின்னால் சாய்கிறது, இழுவைக் கொக்கியின் மேல் டிரெய்லரும் கொஞ்சம் அழுத்துகிறது. எல்லாம் சேர்ந்து 1300 என்று கொள்ளலாம். 690-ஐ 1300-ஆல் வகுத்தால் 0.53. டயருக்கும் தரைக்கும் இடையே குறைந்தது இந்த அளவு உராய்வுக் குணகம், அதாவது அழுந்தும் எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகக் கிடைக்கும் என்ற விகிதம், இருந்தாக வேண்டும்.

காய்ந்த கான்கிரீட் 0.7-க்கு மேல் தரும், கவலையே இல்லை. நனைந்த கான்கிரீட்டில் அது 0.5, 0.6 என்று இறங்குகிறது. அதாவது சரியாக விளிம்பில் நிற்கிறோம். பாசி படிந்த இடத்தில் 0.2-க்கும் கீழே போய்விடும். இப்போது அதே வண்டியில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டுப் பாருங்கள். வண்டியின் மொத்த எடையும், கொக்கியில் விழும் எடையும் சேர்ந்து சுமார் 2600 கிலோ பிடிமானத்துக்கு உதவுகிறது. தேவைப்படும் குணகம் 0.27. ஒரு பைசா குதிரைத்திறன் கூடவில்லை, தேவை மட்டும் பாதியாகிவிட்டது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் அதை வழுக்கிய பிறகு போடாமல், கிளம்பும் முன்பே போட்டுவிடுவது நல்லது.

பாசியின் மேல் ஏன் இவ்வளவு வழுக்கல்? கான்கிரீட்டைக் கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த நுண்ணிய முனைகள்தான் ரப்பரைக் குத்திப் பிடிக்கின்றன. வெறும் தண்ணீர் என்றால், மெதுவாக உருளும் டயர் அதை ஓரமாகப் பிதுக்கித் தள்ளிவிட்டு முனைகளைத் தொட்டுவிடும். பாசியும் கூடவே வாழும் நுண்ணுயிர்களும் சுரக்கும் கொழகொழப்பு அப்படி விலகுவதில்லை. நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல் அது. முனைகளுக்கு நடுவேயுள்ள பள்ளங்களை நிரப்பி மூடிவிடுகிறது. டயர் தள்ளும்போது அந்த ஜெல்லே அடுக்கடுக்காக நழுவுகிறது. ரப்பர் கான்கிரீட்டைத் தொடவே இல்லை. சாய்தளங்களில் குறுக்காகவோ சாய்வாகவோ ஆழமான வரிப்பள்ளங்கள் போட்டிருப்பது இதனால்தான். கொழகொழப்பு வழிய ஓர் இடம் கிடைக்கிறது, ரப்பரும் பள்ளத்தின் விளிம்பில் பதிந்து பிடித்துக்கொள்கிறது. அந்தப் பள்ளங்களில் சேறு அடைத்துவிட்டால் இருந்தும் பயனில்லை. கட்டைத் துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்தாலே பாதி வேலை ஆகிவிடும். ப்ளீச் போன்றவற்றைக் கொட்டுவது மட்டும் வேண்டாம். அது நேராகப் போய்ச் சேருவது தண்ணீரில்.

கடலோரச் சாய்தளங்களில் நேரமும் முக்கியம். கடல்மட்டம் உயரும் ஏற்றத்தில் மூழ்கி, தாழும் வற்றத்தில் வெளியே தெரியும் பட்டையில்தான் பாசி அடர்ந்து கிடக்கும். வற்றத்தின்போது படகை எடுக்கப் போனால் டிரக்கின் பின்சக்கரம் நிற்பது அந்தப் பட்டையின் மேல். நீர்மட்டம் உயரக் காத்திருந்தால் அதே சக்கரம் மேலேயுள்ள சுத்தமான கான்கிரீட்டில் நிற்கும். எந்த டயரை வாங்கிப் போட்டாலும் இந்தக் காத்திருப்புக்கு ஈடாகாது என்பேன். ஏரியில் அந்த வசதி கிடையாது. அங்கே டிரெய்லரின் நீட்டத்தை அதிகமாக்கும் நீட்டிப்புத் தண்டு உதவும். டிரெய்லர் நீருக்குள் போகும், டிரக் ஈரத்துக்கு மேலேயே நிற்கும்.

அடுத்தது எடை. படகுக்குள் இருக்கும் 100 கிலோ சாமானைத் தூக்கி டிரக்கின் பின்தொட்டியில், அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். மொத்த எடை மாறவில்லை, தேவையான இழுவிசையும் மாறவில்லை. பின் அச்சில் மட்டும் 100 கிலோ கூடிவிட்டது. தேவைப்படும் குணகம் 0.53-இலிருந்து 0.49-க்கு இறங்குகிறது. நனைந்த கான்கிரீட்டில் இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஏறுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும். மணல் மூட்டைகளும் இதே வேலையைச் செய்யும். எடைக்காக ஆட்களைப் பின்கதவின் மேல் ஏற்றி நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. வண்டி ஒரு வெட்டு வெட்டினால் அவர்கள் விழுவது டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவில்.

மிதிப்பதிலும் விஷயம் இருக்கிறது. டயர் மிகச் சிறப்பாகப் பிடிப்பது, உருளும் வேகத்தைவிடச் சற்றே, பத்து இருபது சதவீதம் கூடுதலாகச் சுற்றும்போது. அதைத் தாண்டி முழுவீச்சில் சுற்றினால் பிடிமானம் குறைகிறது. டயரின் மேல்பரப்பிலுள்ள ஒவ்வொரு ரப்பர்க் கட்டிக்கும் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள நேரமே கிடைப்பதில்லை. அதனால் பிரேக்கை மெல்ல விட்டு, ஆக்சிலேட்டரை இன்னும் மெல்ல அழுத்த வேண்டும். ‘லோ’ கியர் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். அதன் பயன் கூடுதல் விசை அல்ல, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தும் கட்டுப்பாடு. சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் காலை எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றினால், இன்ஜின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். பாசியில் நிற்கும் இடது சக்கரத்தால் 100 கிலோதான் தாங்க முடியும் என்றால், காய்ந்த தரையில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அதே 100தான். லாக்கர் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, பிடிமானம் உள்ள பக்கம் முழுதாக வேலை செய்யும். டிராக்ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டிகள் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மறுபக்கத்துக்கு விசையை அனுப்புகின்றன. ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்தாலும் இதே பலன் கிடைக்கும் என்று ஒரு பழைய யோசனை உண்டு. ஹேண்ட் பிரேக் இரண்டு பக்கத்தையும் சமமாகப் பிடிக்கிறது. கூடுதலாகப் போகும் விசையை மறுபக்கத்து பிரேக்கே தின்றுவிடுகிறது. சக்கரம் வெறித்தனமாகச் சுற்றுவது குறையும், அவ்வளவுதான்.

டயரைப் பொறுத்தவரை, பெரிய பட்டன் வைத்த சேற்று டயர் கம்பீரமாக இருந்தாலும் ஈரமான கான்கிரீட்டில் பெரிய நன்மை இல்லை. அங்கே உதவுவது மென்மையான ரப்பரும், மேலே நெருக்கமாக வெட்டியிருக்கும் மெல்லிய கீறல்களும். பழைய டயர் பார்க்கப் புதிது போல இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். காற்றைக் குறைப்பது மணல், சரளைத் தளங்களில் அருமையாக வேலை செய்யும். கான்கிரீட்டில் பலன் சொற்பம். இறக்கிய காற்றை நிரப்பாமல் பாரத்தோடு சாலையில் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கவும் வாய்ப்பு உண்டு.

எதுவும் பலிக்கவில்லை என்றால், மேலே சமதளத்தில், காய்ந்த தரையில் இன்னொரு வண்டியை நிறுத்தி, டிரக்கின் முன்பக்கக் கொக்கியில் பட்டை கட்டி இழுக்கலாம். அந்த வண்டி தன் எடையைச் சரிவில் தூக்க வேண்டியதில்லை என்பதால் சிறிய வண்டிகூடக் கணிசமாக உதவும். பட்டையை டிரெய்லர் மாட்டும் உருண்டைத் தலையில் கட்டக் கூடாது. அது தெறித்தால் குண்டு போலப் பாயும்.

இதே கணக்கு வண்டி நிற்கும்போதும் பொருந்தும். பின்சக்கரம் ஓட்டும் ஆட்டோமேட்டிக் வண்டியில், நிறுத்தும்போது போடும் ‘பி’ (பார்க்) கியர் பூட்டுவது பின்சக்கரத்தை மட்டும். ஹேண்ட் பிரேக்கும் பெரும்பாலும் அதையேதான். நான்கு சக்கரங்களையும் பிடித்திருந்தது டிரைவரின் கால். படகைக் கட்ட அவர் இறங்கியதும், காய்ந்த தரையில் இருக்கும் முன்சக்கரங்கள் இரண்டும் சும்மா உருளும் நிலைக்கு வந்துவிடுகின்றன. முழுப் பாரமும் பாசியில் நிற்கும் பின்சக்கரத்தை நம்பி நிற்கிறது. டிரக்குகள் ஓட்டுபவர் இல்லாமலே நீருக்குள் இறங்குவது இப்படித்தான். இறங்கும் முன், கூட இருப்பவரிடம் முன்சக்கரங்களின் பின்பக்கம் கட்டை போடச் சொல்லுங்கள். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் அதைப் போட்டபடியே ‘பி’-க்கு மாற்றுங்கள். அப்போது முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்.