கேசட்டை முதலில் முகர்ந்து பாருங்கள்

பாளையங்கோட்டையில் என் கடைக்கு யாராவது பழைய வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தால், அதை உடனே டெக்கில் (கேசட் ஓட்டுகிற பெட்டி, விசிஆர்) போட மாட்டேன். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பேன். பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, அந்தச் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்ப்பேன். கருகருவென்று பளபளத்தால் நிம்மதி. ஓரத்தில் திருநீறு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். ஐப்பசி கார்த்திகையில் ஒழுகுகிற ஓட்டு வீட்டுப் பரணில் இருபது வருஷம் கிடந்த கேசட் வேறு எப்படி இருக்கும்?

போன ஆவணியில் திசையன்விளையிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். எழுபதை நெருங்குகிறவர். கையில் மஞ்சப்பை. பைக்குள் இருப்பதை எடுத்து வைக்கும் முன்பே, "தம்பி, இந்தப் படத்துக்கு டிவிடி எப்பம் வரும்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னார். 1962-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அவரும் அவருடைய அண்ணனும் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது. டவுனில் சிடி விற்ற கடைகள், சென்னையில் இருக்கிற மருமகன், யூடியூப் என்று எல்லா வழியிலும் தேடிவிட்டார். "இவ்வளவு நல்ல படம், வராமலா போயிரும்?"

இந்தக் கேள்வி வேறு வேறு படப் பெயரோடு என் கடைக்கு அடிக்கடி வரும். நின்றவாக்கில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் படம் வந்தது டெக் வழியாகத்தான். மேலப்பாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து இறக்கினார்கள். வாங்க முடியாதவர்கள் கலர் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ராத்திரி முழுக்க மூன்று படம் ஓட்டி, விடியுமுன் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு சிடி. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, பழைய படப் பைத்தியங்களுக்குத் தீபாவளிதான். இந்த வேகத்தில் போனால் எல்லாப் படமும் வந்துவிடும் என்று நானும் நம்பினேன். அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. விசிஆர் தயாரிப்பை விடாமல் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் அதற்கு இரண்டு வருஷம் முன்பே கைகழுவிவிட்டது. இன்று என்னிடம் ஓடுகிற டெக் இரண்டு. உதிரி பாகத்துக்காகப் பிரித்துப் போட்டிருப்பது ஏழு.

ஒரு படம் டிவிடியாகவோ ப்ளூரேயாகவோ வர, ரசிகர்களின் ஆசை மட்டும் போதாது. முதலில் நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுக்கிற மூல ஃபிலிம், உயிரோடு இருக்க வேண்டும். தமிழின் முதல் பேசும் படமான 1931-ன் 'காளிதாஸ்' இன்று நமக்கு இல்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடித்த பிரதிகளை வெள்ளிக்காக உருக்கியவர்கள் உண்டு. தப்பிப் பிழைத்ததிலும், ஃபிலிமைக் கழுவிப் பிரதி போடுகிற லேபுக்குக் கட்ட வேண்டிய பாக்கி கட்டப்படாமல் அங்கேயே முடங்கிப்போன நெகட்டிவ்கள் உண்டு.

அடுத்தது உரிமை. தயாரிப்பாளர் கடனுக்கு ஈடாக நெகட்டிவ் ரைட்ஸை ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார், அவர் இன்னொருவருக்கு. ஏரியா ஏரியாவாகத் திரையிடும் உரிமை தனியாகப் போயிருக்கும். நம் திருநெல்வேலி–கன்னியாகுமரியை இன்றும் 'டி.கே. ஏரியா' என்றுதான் சொல்கிறார்கள். அறுபதுகளில் போட்ட ஒப்பந்தத்தில் வீடியோ என்ற சொல்லே இருக்காது. இப்போது பேரன் பேத்திகள் ஆளுக்கொரு காகிதத்தோடு நிற்கிறார்கள். கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று தெரியாத படத்தில் எந்தக் கம்பெனியும் பணம் போடாது.

"அறுபது வருஷம் ஆனா யார் வேணாலும் போடலாமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரிதான். நம் சட்டப்படி படம் வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள்தான் படத்தின் காப்புரிமை. அண்ணாச்சியின் 1962 படத்துக்கு அது 2022 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. (பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனிக் கணக்கு, அவர்கள் காலமான பிறகும் 60 ஆண்டுகள்.) ஆனால் உரிமை தீர்ந்த படத்தைச் செலவு செய்து சுத்தம் பண்ணி வெளியிட்டால் மறுநாளே இன்னொருவன் அதையே நகல் எடுத்து விற்பான். யார் முதல் போடுவார்கள்? 2012-ல் 'கர்ணன்' புதுப்பித்து வெளியாகி நன்றாக ஓடியது உண்மைதான். அது சிவாஜி, என்.டி.ஆர். நடித்த படம். எல்லாப் படத்துக்கும் அந்த யோகம் கிடையாது.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்று நுழைகிறது. 'ஹெச்.டி., புதுப்பிக்கப்பட்டது' என்று அட்டை போட்டு பென்டிரைவிலும் டிஸ்க்கிலும் விற்கிறார்கள். நானே ஒருமுறை தபாலில் வரவழைத்து ஏமாந்தேன். படத்தில் இருந்த பாட்டுகளில் இரண்டைக் காணோம். வாங்குமுன் ஒரு நிமிஷ மாதிரியைக் கேளுங்கள். படத்தின் அடிவிளிம்பில் மெல்லிய பட்டை ஒன்று நெளிந்து துடித்தால், அது விஎச்எஸ் என்கிற பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்தது. பெரிதாக்கினாலும் அதில் இல்லாத விவரம் புதிதாக முளைக்காது. முகங்கள் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தால் கம்ப்யூட்டர் கைவைத்திருக்கிறது. நேரம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து 'வெட்டிவிட்டான்' என்று முடிவு கட்ட வேண்டாம். தியேட்டரில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்) ஓடும். நம் ஊர் டிவி முறைக்கு மாற்றும்போது 25. அதனால் 150 நிமிஷப் படம் ஒரு காட்சியும் போகாமலே 144 நிமிஷமாகும், குரலும் கொஞ்சம் கீச்சென்றிருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள் என்பேன். டெக் இருந்த வீடுகளில் டிவியில் வந்ததைப் பதிந்து வைத்தார்கள். கடலோரத்து ஊர்களில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினி டிவியில் பார்த்த தமிழ்ப் படங்களை எங்கள் தலைமுறை மறக்காது. அப்படிப் பதிந்த கேசட்டில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருக்கலாம்.

கிடைத்தால் ஆசையில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், கடையநல்லூரிலிருந்து வந்த பூஞ்சணக் கேசட்டை நான் அப்படியே டெக்கில் தள்ளினேன். உள்ளே நாடாவைப் படிக்கிற ஹெட் உருளை நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. மூன்றாவது நிமிஷம் படம் போய்ப் புள்ளிமழை. நாடா நீளவாக்கில் கீறியிருந்தது. ஹெட்டில் அப்பிய தூளைச் சரியாகத் துடைக்காமல் அடுத்து வந்தவருடைய கல்யாணக் கேசட்டைப் போட்டேன், அதுவும் போயிற்று. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் உறுத்துகிறது. பூஞ்சணம் கண்டால் தனியாக எடுத்துவைத்து, ஈரமில்லாத அறையில் ஆறவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். வத்தல் காயப்போடுவதுபோல மொட்டைமாடி வெயிலில் வைக்கவே கூடாது, நாடா முறுக்கிக்கொள்ளும். நல்ல கேசட்டாக இருந்தால் முதுகுப்பக்கம் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அப்புறம் கைதவறிப் பொத்தானை அமுக்கினாலும் மேலே பதியாது. புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள், ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம்.

ஃபிலிம் சுருள் கிடைத்தால் அது என் கைக்கு மீறியது. அம்பாசமுத்திரம் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பம் ஒன்று தகரப் பெட்டியோடு வந்தது. மூடியைத் திறந்ததும் கடை முழுக்கக் காடி நெடி. அசிடேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் அப்படித்தான் புளித்து நாறும், சுருங்கும், அலையலையாக வளையும். அந்த நெடி மற்றச் சுருள்களையும் கெடுக்கும் என்பதால் அதைத் தனியே பிரித்து, காற்றுப் போகிற பெட்டியில், குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். புனேயில் 1964-லிருந்து இருக்கிற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதச் சொல்லி, கடிதமும் எழுதிக் கொடுத்தேன். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் எடைக்கு என்ன கிடைத்திருக்கும்?

அண்ணாச்சியின் மஞ்சப்பையில் மூன்று கேசட். இரண்டு சுத்தம். மூன்றாவதில் வெள்ளை படிந்திருந்தது. ஐந்து திருகையும் கழற்றி, முகமூடி போட்டுக்கொண்டு, கால் கிலோமீட்டர் நாடாவையும் துடைத்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஓட்டியபோது கல்யாண வீடு வந்தது. அண்ணன் மகள் கல்யாணமாம். நாற்பதாவது நிமிஷத்தில் திரை ஒரு குலுங்கு குலுங்கி, நடுக்காட்சியிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் தொடங்கியது. அவர் தேடிய அதே படம். ரூபவாகினியில் வந்ததை அண்ணன் பதிந்து வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் நாக்கை உடைக்கவில்லை. பின்னால் யாரோ அதன் தலைமேலேயே கல்யாணத்தை ஏற்றிவிட்டார்கள்.

எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அண்ணாச்சி கல்யாணத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பந்தியில் தோளில் துண்டோடு ஒருவர் இலை இலையாகக் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டு போனார்.

"நிப்பாட்டு தம்பி. எங்க அண்ணன் பந்தி விசாரிக்கான் பாரு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல் நாப்பது நிமிஷத்தை டிவிடி வந்தா பாத்துக்கிடுதேன்."