இசைப் பட்டறை முடிந்ததும் எண் குறைகிறது, இசையாலா?

"அகதிக் குழந்தைகளுக்கு இசைப் பட்டறை நடத்துகிறார்கள். அதனால் பயன் உண்டா என்று எப்படி அளப்பது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட 'பலங்களும் சிரமங்களும்' வினாத்தாள் பல நாடுகளில் புழங்குகிறது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தை விட்டுவிட்டு மீதி 20-ஐக் கூட்டினால், 0 முதல் 40 வரை ஓர் எண் வரும். எண் ஏற ஏறச் சிரமம் அதிகம். அந்த 20-லும் ஐந்து வாக்கியங்கள் நல்லதைச் சொல்பவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் கணக்கே பாழ். 11 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரோ ஆசிரியரோ நிரப்புவார்கள்.

பட்டறைக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதும் என்று தோன்றும். போதாது. அதிகம் சிரமப்படும் குழந்தைகளைத்தான் முதலில் சேர்ப்பார்கள். ஒரு குழந்தையின் எண்ணில் நெடுநாள் துயரமும் உண்டு, அந்த வாரத்தின் பாடும் உண்டு: காய்ச்சல், தூக்கமின்மை, நிரப்பிக் கொடுத்த தாயின் களைப்பு. உயர்ந்த எண்களைப் பொறுக்கி எடுத்தால், மோசமான வாரத்தில் அகப்பட்ட குழந்தைகளே அதில் கூடுதலாக இருப்பார்கள். அந்த வாரம் கடந்ததும் எண் தானாக இறங்கும். சராசரிக்குத் திரும்புதல் என்னும் இந்த அழகான விதியைத்தான் பிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் காட்டினார்.

எண்களை வைத்துப் பார்ப்போம். எல்லாக் குழந்தைகளின் சராசரி 12, சேர்க்கப்பட்டவர்களின் சராசரி 20, இரு அளவீடுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண்; முழுதும் ஒத்தால் 1) 0.7 என்று கொள்வோம். சராசரியை விஞ்சிய 8-ல் 0.7 பங்குதான் அடுத்த முறையும் நிற்கும். எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை வர வேண்டியது 12 + 0.7 × 8 = 17.6. ஒரு சுரம்கூடப் பாடாமல் 2.4 குறைந்துவிட்டது!

ஆகவே சேர்க்கத் தகுந்த குழந்தைகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்குப் பட்டறை இப்போது. மறு பாதிக்கு மூன்று மாதம் கழித்து. காத்திருப்போரின் எண்ணும் அதே காரணத்தால் இறங்கும். இசைக் குழு 15.6-க்கும் காத்திருந்த குழு 17.6-க்கும் வந்தால், இசையின் பங்கு 4.4 அல்ல, 2.

இந்த 2-ஐத் தற்செயலிலிருந்து பிரித்தறிய எத்தனை பேர் வேண்டும்? திட்டவிலக்கம், அதாவது குழந்தைகளின் எண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 6 என்றால் விளைவின் அளவு 2-ஐ 6-ஆல் வகுத்தது, மூன்றில் ஒரு பங்கு. புள்ளியியலில் புழங்கும் தோராய விதிப்படி 16-ஐ அதன் வர்க்கத்தால் வகுத்தால், குழுவுக்கு 144 பேர். ஒரே ஆசிரியரிடம் கற்பவர்கள் ஒரே போக்கில் மாறுவார்கள். சில குடும்பங்கள் நடுவிலேயே இடம்பெயரும். இரண்டையும் சேர்த்தால் இன்னும் அதிகம் பேர் தேவை. 20 குழந்தைகளை அளந்து 'பலனில்லை' என்று நிதியை நிறுத்துவது அநியாயம். அத்தனை சிறிய கணக்கில் நல்ல பட்டறையும் பெரும்பாலும் தோற்றதாகவே தெரியும். பட்டறைக்குப் பணம் தருவோர் அளப்பதற்கும் தனியே தர வேண்டும்.

நிறைவு நாள் கச்சேரியன்று வினாத்தாளை நீட்டாதீர்கள். அன்றைய மகிழ்ச்சிதான் பதிவாகும். ஓரிரு வாரம் விட்டு, யார் எந்தக் குழு என்று அறியாத ஆசிரியரிடம் கொடுங்கள். காத்திருப்போரின் பட்டறை தொடங்குமுன் அந்த அளவீடு முடிந்துவிட வேண்டும். தொடங்கிவிட்டால் ஒப்பிட ஆளிருக்காது.