பச்சோந்தியை வாங்கும் முன் அதன் வெயிலை வாங்குங்கள்

கடந்த பெப்ரவரி மாதத்தின் கடைசி வாரத்தில், ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயும் பதின்மூன்று வயது மகனும் துவாயால் சுற்றிய சப்பாத்துப் பெட்டி ஒன்றுடன் என் அறைக்குள் வந்தார்கள். பெட்டிக்குள் ஏழு மாதப் பச்சோந்தி ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. "நல்லாச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது டொக்டர், இந்தக் கிழமைதான் கொப்பிலை நிக்கேலாமல் விழுகுது" என்றார் தாய். நான் ஒரு மெல்லிய தடியை அதன் முன்னங்கால்களுக்கு இடையில் வைத்தேன். அது விரல்களை மூடித் தடியைப் பற்றியது. ஆனால் உடம்பை இழுத்து எழுந்திருக்க முயன்றபோது, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில், கை வளைந்தது. கீழ்த்தாடையை விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். எலும்பாக இருக்க வேண்டிய இடம் ரப்பரைப் போல் உள்ளே போய் மீண்டு வந்தது.

ரொறன்ரோப் பகுதியில் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்க்கும் மிருக வைத்தியராகிய எனக்கு, ஒவ்வொரு பனிக்காலத்தின் முடிவிலும் இந்தத் தாடையைத் தொட்டுப் பார்க்க நேர்கிறது. பெயர் எலும்பு வளர்சிதை நோய். காரணம் பெரும்பாலும் அன்புக் குறைவன்று, விளக்கு. அந்தக் குடும்பம் பச்சோந்திக்கு 130 டொலர் கொடுத்திருந்தது. கடைக்காரர் அதனுடன் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியையும் சுருள் வடிவ மின்குமிழ் ஒன்றையும் சேர்த்து விற்றிருந்தார். "வெயில் படட்டும் எண்டுதான் ஜன்னலுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறம்" என்று தாய் சொன்னபோது, அந்த வீட்டில் யாரும் கவலையீனமாக இருக்கவில்லை என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. வெயிலிலுள்ள யு.வி.பி. எனப்படும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் முறை பச்சோந்தி வளர்க்க விரும்பும் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, அதன் விலை என்ன என்பதே. இங்கே கூடுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட வெய்ல்ட் கமீலியன் என்ற பச்சோந்தி இனத்தின் குஞ்சு 100 முதல் 200 டொலருக்குக் கிடைக்கிறது. யேமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியையும் தாயகமாகக் கொண்ட இந்த இனமே புதியவர்களுக்கு ஓரளவு பொருத்தமானது. மடகஸ்காரின் பாந்தர் கமீலியன் நிறத்தால் மனதை இழுக்கும். விலையும் 350 டொலருக்கு மேல் போகும். இரண்டும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை என்பதால், எங்கே பிறந்தது என்ற விபரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காட்டில் பிடிக்கப்பட்டது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அது குடற்புழுக்களோடும் நீர் வற்றிய உடம்போடும்தான் வந்து சேரும்.

ஊரில் நாம் பார்த்த பச்சோந்தி வேறு. வேலியில் தலையாட்டி, கழுத்துச் சிவக்கும் ஓணானைத்தான் நம்மில் பலர் பச்சோந்தி என்று சொல்லி வளர்ந்தோம். அங்குள்ள உண்மையான பச்சோந்தி, இலங்கையின் வரண்ட பிரதேசங்களிலும் இந்தியாவிலும் வாழும் கமீலியோ செய்லானிக்கஸ் என்ற ஒரே இனந்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடித்து வளர்ப்பதைத் தடை செய்கிறது. ஊருக்குப் போனால் ஒன்று கொண்டுவரலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள், கூடாது.

இனி விளக்கு. வெயிலில் உள்ள யு.வி.பி. கதிர் தோலில் படும்போது, அங்கிருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் விற்றமின் டி3 ஆக மாறத் தொடங்குகிறது. உடற்சூடு அந்த மாற்றத்தை நிறைவு செய்கிறது. ஈரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படு நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே குடல் உணவிலிருந்து கல்சியத்தைப் போதிய அளவு உறிஞ்சும். இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி அறுந்தால், இரத்தம் தனக்கு வேண்டிய கல்சியத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெளியே பார்ப்பவருக்குப் பச்சோந்தி வழமைபோல் பூச்சி பிடிக்கும், நிறம் மாறும், வளரும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அது கொப்பிலிருந்து விழும் நாளில் நோய் பல வாரங்கள் பழையதாகிவிடுகிறது.

ஆகவே சுருள் மின்குமிழை வாங்காதீர்கள். அதன் கதிர் ஒரு சிறு வட்டத்துக்கு மேல் பரவாது. கூட்டின் அகலம் முழுவதும் நீளும் டி5 வகைக் குழல்விளக்கு, இரண்டடிக் கூட்டுக்கு 24 வாட்ஸ், யு.வி.பி. அளவு 5 அல்லது 6 சதவீதம் என்று பெட்டியில் குறிக்கப்பட்டது, அதற்குரிய பிரதிபலிப்புத் தகடுள்ள சட்டத்துடன் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து 110 முதல் 150 டொலர் வரும். விளக்கைக் கூட்டின் மேல்வலையில் வைத்து, அதிலிருந்து 20 முதல் 25 சென்ரிமீற்றர் கீழே பச்சோந்தியின் முதுகு வரும்படி வெயில் காயும் கொப்பைக் கட்டுங்கள். குழலின் வெளிச்சம் ஆண்டுகணக்கில் எரிந்தாலும் யு.வி.பி. அதற்கு முன்பே மங்கிவிடும், அதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. எனவே மாற்றிய திகதியைச் சட்டத்தின் ஓரத்தில் எழுதி ஒட்டி, பன்னிரண்டு மாதத்தில் புதிய குழலைப் போடுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் மலிவானதைத் தேட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

சூட்டுக்கு, எல்.ஈ.டி. அல்லாத, சூடு தரும் 60 வாட்ஸ் மின்குமிழும் குவிந்த மூடியும் போதும். வெயில் காயும் கொப்பில் வெய்ல்ட் இனத்துக்கு 27 முதல் 29 பாகை செல்சியஸ். அதற்கு மேல் வேண்டாம். மின்குமிழை வலைக்கு மிக அருகில் வைத்ததால் முதுகு முகடு கருகிப்போன பச்சோந்திகளையும் நான் பார்க்கிறேன். அவை சுடுகிறது என்று விலகுவதில்லை. உடம்பின் மற்றப் பகுதி குளிராக இருக்கும்வரை அங்கேயே இருக்கும். இரவில் விளக்கு எதுவும் தேவையில்லை. வீட்டின் 18 முதல் 20 பாகைக் குளிர்ச்சி அதற்கு நல்லது. சிவப்பு விளக்கு, சூட்டுக் கல் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் காசு வீண்.

தண்ணீர் விடயத்தில்தான் பச்சோந்தி நாயிலிருந்தும் பூனையிலிருந்தும் முற்றாக வேறுபடுகிறது. கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. இலை நுனியில் ஒளிபட்டு நடுங்கும் துளியைப் பார்த்ததும், இரு கண்களையும் அதன்மேல் ஒன்றுசேர்த்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயால் இலையைத் தொட்டுத் தொட்டுக் குடிக்கும். பயம் தெளிந்து குடிக்கத் தொடங்கவே சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால், கையால் இரண்டு முறை தெளித்துவிட்டு வேலைக்குப் போவது போதாது. இங்கே பனிக்காலத்தில் சூடாக்கி ஓடும் வீடுகளில் காற்றின் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. நம் உதடு வெடிக்கும் அதே காற்றில்தான் அதுவும் மூச்சு விடுகிறது. டைமருடன் இயங்கும் மிஸ்டிங் இயந்திரம் ஒன்றுக்கு 150 முதல் 220 டொலர் ஆகும். விடியற்காலையிலும் விளக்கு அணைந்த பின்னரும் சில நிமிடங்கள் தெளிக்கும்படி அதை அமைத்து, பகலில் சொட்டுச் சொட்டாக விழும் பாத்திரம் ஒன்றைக் கூட்டின் மேல் வையுங்கள். பகலில் கூடு காய வேண்டும். சூட்டோடு சேர்ந்து எப்போதும் நனைந்திருக்கும் கூட்டில் நுரையீரல் தொற்று வரும். போதிய தண்ணீர் கிடைக்கிறதா என்பதை எச்சத்திலேயே காணலாம்: அதிலுள்ள யூரிக் அமிலப் பகுதி, அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு, வெள்ளையாக இருந்தால் நல்லது, செம்மஞ்சளாக இருந்தாலும், கண்கள் குழிவிழுந்தாலும், அன்றே தொலைபேசியில் அழையுங்கள்.

கூடு நான்கடி உயரமும் இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள வலைக்கூடாக இருக்கட்டும். சுமார் 200 டொலர். உள்ளே பொத்தோஸ், ஷெஃப்லேரா போன்ற உயிர்ச்செடிகளை அடர்த்தியாக வையுங்கள், ஏனெனில் ஒளிந்துகொள்ள இடமில்லாத பச்சோந்தி நாள் முழுவதும் அச்சத்தில் இருக்கும். பாந்தர் இனத்தின் தோலில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால்தான் நிறம் மாறுகிறது என்று ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள்; அந்த மாற்றம் பெரும்பாலும் ஒளிவதற்காக அல்ல, மனநிலையையும் உடற்சூட்டையும் பொறுத்தது. காலையில் கருமையாக இருந்து வெயில் காய்ந்தபின் வெளுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுவதும் கருமையாக இருந்தால் அதற்கு ஏதோ பிடிக்கவில்லை: எதிரே கண்ணாடி இருக்கலாம், பூனை இருக்கலாம், அடிக்கடி தூக்கும் கைகள் இருக்கலாம். ஒரு கூட்டில் ஒன்றுதான். துணை என்று இரண்டாவதை வாங்கி விடாதீர்கள்.

உணவுச் செலவு மாதம் 40 முதல் 60 டொலர். கிரிக்கெட் என்று விற்கப்படும் சுவர்க்கோழிப் பூச்சிகளே அடிப்படை; பட்டுப்புழு கிடைத்தால் நல்லது. பச்சோந்திக்குப் போடுவதற்கு ஒரு நாள் முன்பு பூச்சிக்குக் கரட், கீரை, தோடம்பழம் கொடுங்கள், பட்டினி கிடந்த பூச்சி வெறும் கூடுதான். உயிர்ப்பூச்சிகளை அஞ்சலில் அனுப்பும் வியாபாரிகள் கடுங்குளிர் நாட்களில் அனுப்பமாட்டார்கள் என்பதால், மார்கழி, தை மாதங்களில் எங்கே வாங்குவது என்பதை முன்பே விசாரித்து வையுங்கள். டி3 சேராத கல்சியத் தூளை ஒவ்வொரு முறையும் பூச்சிகளின்மேல் மெல்லியதாகத் தூவுங்கள். டி3யும் பல்விற்றமினும் உள்ள தூள் மாதத்துக்கு இரண்டு முறை போதும், கூடினால் அதுவே நஞ்சு.

பெண் பச்சோந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெய்ல்ட் இனத்துப் பெண், ஆணைக் கண்ணாலும் காணாமலே, ஆறு மாத வயதுக்குள்கூட முட்டை கட்டத் தொடங்கலாம். ஒரு தடவையில் 20, 30 என்றல்ல, அதிகம் தீனி போட்ட வீடுகளில் 60க்கு மேலும் இடுகிறது. தோண்டுவதற்கு ஓர் அடி ஆழமான ஈரமண் இல்லாவிட்டால் அது கூட்டின் அடித்தளத்தை நகத்தால் கீறிக் கீறி அலையும். பிறகு முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, கீழ்க்கொப்பில் சோர்ந்து இருக்கும். அந்த நிலையில் வரும் பச்சோந்திக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி என்றால், மருத்துவமனையைப் பொறுத்து 1,500 டொலரைத் தாண்டலாம். பணம் இல்லை என்று அழுதபடி திரும்பிப் போனவர்களை நான் மறக்கவில்லை. முதல் முறை வளர்ப்பவர்கள் ஆணையே வாங்குங்கள். வெய்ல்ட் இனத்து ஆணுக்குப் பிறக்கும்போதே பின்னங்காலின் குதியில் சிறு முள் போன்ற நீட்டம் இருக்கும்; கடையிலேயே பார்த்துவிடலாம். பெண்தான் வீட்டில் இருக்கிறது என்றால், மண்தொட்டியை இன்றே வையுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஒன்றுவிட்ட நாள் மூன்று நான்கு பூச்சி போதும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கூடு 200, யு.வி.பி. விளக்கு 130, சூட்டு விளக்கு 40, டைமர் 20, வெப்பமானியும் ஈரப்பதமானியும் 40, மிஸ்டிங் இயந்திரம் 180, செடிகளும் கொப்புகளும் 80, தூள்கள் 45, தண்ணீர் வடியும் தட்டு 25 என்று, பச்சோந்தி வீட்டுக்கு வரும் முன்னரே 760 டொலர் ஆகிவிடுகிறது. மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை: செடிகளுக்கான எல்.ஈ.டி. உட்பட 115 வாட்ஸ் அளவில் தினமும் பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தால் மாதம் 41 யுனிற் வரும். பூச்சி, குழல், தூள், மின்சாரம், ஆண்டுக்கு ஒரு வைத்தியப் பரிசோதனை எல்லாமாக ஆண்டுக்குச் சுமார் 950 டொலர். நன்றாகப் பராமரித்தால் ஆண் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். இவற்றைத் தவிர, அவசரத்துக்கென 1,000 டொலரையாவது தொடாமல் வைத்திருக்க முடியாத ஆண்டில் பச்சோந்தி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளை கேட்கிறது என்பதற்காகப் பாதிச் செலவில் தொடங்கினால், மீதிப் பாதியைப் பச்சோந்தி தன் எலும்பிலிருந்து கொடுக்கும்.

சப்பாத்துப் பெட்டியில் வந்த பச்சோந்திக்குக் கல்சிய ஊசியும் திரவ மருந்தும் எக்ஸ்ரேயும் தொடர் வருகைகளுமாக 900 டொலருக்கு மேல் போயிற்று. அது பிழைத்தது. வலது கை வளைந்தபடியே எலும்பு இறுகிவிட்டதால், தாழ்ந்த, தடித்த கொப்புகளுள்ள கூடு ஒன்றை அந்தச் சிறுவன் அதற்காகத் தானே கட்டியிருக்கிறான். குழல் மாற்றிய திகதி அந்தக் கூட்டில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

வாங்க முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், கூட்டை முழுமையாகக் கட்டி, விளக்கும் தெளிப்பானும் வெறுங்கூட்டில் இரண்டு வாரங்கள் ஓடட்டும். காலை, நண்பகல், இரவு என மூன்று நேரமும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துவைத்து, எண்கள் நிலைத்த பிறகே பச்சோந்தியைக் கொண்டுவாருங்கள். வந்த முதல் இரண்டு வாரத்துக்குள், ஊர்வன பார்க்கும் வைத்தியர் ஒருவரிடம் நேரம் எடுங்கள். போகும்போது அன்றைய எச்சத்தை ஈரத் தாளில் சுற்றி ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. யு.வி.பி. குழல் வந்த பெட்டியையும், கூட்டின் முன்பக்கத்தை முழுதாக எடுத்த படம் ஒன்றையும் கொண்டுபோங்கள்.