ஸ்பீடு, வெலாசிட்டி: வேகமும் திசைவேகமும்

ஸ்பீடு, வெலாசிட்டி ஆகிய இரண்டு சொற்களும் அன்றாட ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே பொருளில்தான் வழங்குகின்றன. இயற்பியலில் மட்டும் அவை இரு வேறு அளவுகளைக் குறிக்கும். ஒரு பொருள் ஒரு நொடியிலோ ஒரு மணியிலோ எவ்வளவு தொலைவைக் கடக்கிறது என்பது ஸ்பீடு. அதன் இருப்பிடம் எந்தத் திசையை நோக்கி, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது வெலாசிட்டி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை வேகம் என்றும் பின்னதைத் திசைவேகம் என்றும் வழங்குகின்றன. தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம், இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் திசைவேகம் என்பதை மாணவர்கள் எளிதாக ஒப்பித்துவிடுவார்கள். தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும்.

சேலத்தில் இதை விளக்குவதற்கு ஏற்காட்டு மலைப்பாதை ஒன்றே போதும். பழைய பேருந்து நிலையத்தில் புறப்பட்டு அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காடு ஏரிக்குச் சென்று சேரச் சாலையில் சுமார் 30 கி.மீ. ஆகிறது. அதே இரண்டு இடங்களையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்து அளந்தால் ஏறத்தாழ 15 கி.மீ.தான் வரும். சாலையின் நீளம் தொலைவு, இந்த நேர்கோடு இடப்பெயர்ச்சி. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்த நேர்கோடு நூறு மீட்டர்கூட நீளாது. பேருந்து ஒரு மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ.; சராசரித் திசைவேகமோ வடகிழக்குப் பக்கமாக மணிக்கு 15 கி.மீ. மட்டுமே. ஏரியைப் பார்த்துவிட்டு அதே பேருந்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால், போய்வந்த 60 கி.மீ. தொலைவும் அதற்கு ஆன டீசலும் உண்மைதான் என்றாலும், முழுப் பயணத்துக்கான இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே சராசரித் திசைவேகமும் சுழி. இந்த விடையைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு எழும். சிரித்தவர்கள் பிறகு அதை மறப்பதில்லை.

இதைவிட நுட்பமான பாடம் அந்தப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இருக்கிறது. ஒரு வளைவில் பேருந்து வேகமானியின் முள் அசையாமல் மணிக்கு 15 கி.மீ. வேகத்திலேயே திரும்புவதாகக் கொள்வோம். வளைவுக்குள் நுழையும்போது முகப்பு மேற்கு நோக்கியும் வெளியேறும்போது கிழக்கு நோக்கியும் இருந்தால், வேகம் சிறிதும் மாறவில்லை, ஆனால் திசைவேகம் மேற்கே 15 என்பதிலிருந்து கிழக்கே 15 என்றாகிவிட்டது. அதாவது மாற்றத்தின் அளவு மணிக்கு 30 கி.மீ. திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம் என்பதால், திசைவேகம் மாறினால் அங்கே முடுக்கம் இருந்தே தீர வேண்டும். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க, வளைவின் மையத்தை நோக்கி நொடிக்கு நொடி சுமார் 1.7 மீட்டர் முடுக்கம் கிடைக்கிறது. சக்கரங்களுக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான் இதைத் தருகிறது. நின்றுகொண்டு பயணம் செய்பவர் கம்பியை இறுகப் பற்றியும் வளைவின் வெளிப்பக்கமாகச் சாய்வதற்குக் காரணம், பேருந்தின் திசைவேகம் மாறிய பிறகும் அவருடைய உடல் பழைய திசைவேகத்திலேயே செல்ல முயல்வதுதான். ஸ்பீடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பிறகு ஏன் தள்ளுகிறது என்று கேட்பவருக்கு வேகம் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது.

இனிச் சொற்களின் பிறப்புக்கு வருவோம். ஸ்பீடு பழைய ஆங்கிலச் சொல். தொடக்கத்தில் அதற்கு வெற்றி, செழிப்பு, நற்பேறு என்றே பொருள். பயணம் புறப்படுபவரை ஆங்கிலேயர் காட்ஸ்பீடு என்று வாழ்த்தியதில் அந்தப் பழம்பொருள் இன்னும் தங்கியிருக்கிறது. விரைந்து போ என்று அவர்கள் விரட்டவில்லை. வெலாசிட்டி, விரைவானது என்று பொருள்படும் வெலாக்ஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. திசை என்ற கருத்து இரண்டு சொற்களின் வேரிலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் திசையுள்ள அளவு வெக்டர், திசையற்ற அளவு ஸ்கேலர் என்ற பாகுபாடு கணிதத்தில் வேரூன்றிய பிறகு, இருந்த இரண்டு சொற்களை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ் வழக்கு இந்த இடத்தில் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். திசைவேகம் என்ற சொல்லே தன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. வேகம் வடமொழியிலிருந்து வந்து தமிழில் நெடுங்காலமாக நிலைத்த சொல். 'வேகம் கெடுத்தாண்ட வேந்தன்' என்று மாணிக்கவாசகர் பாடியதில் அது மனத்தின் பரபரப்பைக் குறிக்கிறது, காய்ச்சலின் வேகம் தணிந்தது என்கிறபோது கடுமையைக் குறிக்கிறது. அதனால் ஸ்பீடுக்கு விரைவு என்ற தமிழ்ச்சொல்லையே ஆளலாமே என்று சிலர் கூறுவர். விரைவு அழகான சொல்தான். ஆனால் அதில் மிகுதி என்ற பொருள் கலந்திருக்கிறது. விரைவுப் பேருந்து என்றால் வேகமாகச் செல்வது என்றே கொள்கிறோம். குறைந்த வேகம் இயல்பாக ஒலிக்கிறது, குறைந்த விரைவு ஒலிப்பதில்லை. அளவைக் குறிக்க வேகமே பொருந்தும்.

அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சியில் சேலத்துக்கும் பங்கு உண்டு. இங்கே வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, 1916இல் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களைப் படிப்பவர்கள் ஓரிடத்தில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே ஸ்பீடுக்குக் கதி என்றும் வெலாசிட்டிக்கு வேகம் என்றும் வழங்குகிறார்கள். நமக்குக் கதி என்றால் நிலைமை, பெரும்பாலும் கெட்ட நிலைமை. துரித கதியில் பணிகள் நடக்கின்றன என்று எழுதும்போது மட்டும் அதன் பழைய பொருள் எட்டிப் பார்க்கிறது. இரு வழக்குகளும் தம்மளவில் முரணற்றவை. ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால் வேகம் என்ற ஒரே சொல் இரண்டு அளவுகளையும் குறித்து, விடையின் குறியே மாறிவிடக்கூடும்.

ஆங்கிலமும் தன் வரையறையை எங்கும் காப்பாற்றவில்லை. புவியீர்ப்பிலிருந்து விடுபட ஒரு பொருளைப் புவிப்பரப்பிலிருந்து நொடிக்குச் சுமார் 11.2 கி.மீ. வேகத்தில் எறிய வேண்டும்; காற்றின் தடையை விலக்கிப் பார்த்தால், செங்குத்தாக எறிந்தாலும் சாய்வாக எறிந்தாலும் அந்த அளவு மாறாது. திசைக்கு அங்கே வேலையே இல்லை. ஆயினும் ஆங்கிலத்தில் அதற்கு எஸ்கேப் வெலாசிட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதைப் பின்பற்றி விடுபடு திசைவேகம் என்று எழுதத் தேவையில்லை. விடுபடு வேகம் என்பதே சரி.