ராத்திரி பட்டினி, காலையில் சுகர் 178

குடியாத்தத்தில் காலை ஏழு மணிக்கே லேப் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுத்துவிட்டு, பதினோரு மணி வாக்கில் ரிப்போர்ட்டோடு என்னிடம் வருவார்கள். அப்படிப் போன மாதம் பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். காகிதத்தை மேசையில் வைக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

“ராத்திரி பட்டினியாத்தான் படுத்தேன் டாக்டரம்மா. ஒரு பிஸ்கட் கூட வாயில வெக்கல. காலையில பார்த்தா 178 கீது. எங்கிருந்து வந்துச்சு இந்த சக்கர?”

கூட வந்த மருமகள், “ஆமாங்க, அத்தை மூணு நாளா ராத்திரி சாப்பிடறதே இல்ல” என்றார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் மருமகளைத் தவிர யாரும் அவரை நம்பவில்லை. மகன், “நீ எதையோ ஒளிச்சு வெச்சுத் தின்ற” என்று சத்தம் போட்டிருக்கிறார். வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இன்னும் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சுகர் 100 என்று ரிப்போர்ட்டில் வந்தால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து இருப்பது 5 கிராம்தான். டீயில் போடுகிறோமே, அந்த ஒரு சின்ன ஸ்பூன் அளவு. நம் மூளை மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. மணிக்கு 5 கிராம். புதிதாக எதுவும் வந்து சேராவிட்டால், ரத்தத்தில் இருக்கும் அவ்வளவு சர்க்கரையையும் மூளை ஒருத்தியே ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடுவாள். ரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸைத் தவிர வேறு எரிபொருள் கிடையாது.

அப்படியிருக்க, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை ஏழு மணிக்கு எப்படி நல்லபடியாக எழுந்திருக்கிறார்?

கல்லீரல் ராத்திரி முழுக்க வேலை செய்கிறது. பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கை அது கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. நல்ல உடம்பில் சுமார் 100 கிராம் வரை இருக்கும். வயிறு காலியானதும் அதை உடைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 7 கிராம். கையிருப்பு குறையக் குறைய, தசையிலிருந்து வரும் அமினோ அமிலங்கள், லாக்டேட், கொழுப்பு கரையும்போது கிடைக்கும் கிளிசரால் இவற்றையெல்லாம் வைத்துப் புதிதாகவே சர்க்கரை செய்துகொள்கிறது. நம் பாலாற்றைப் போலத்தான். மேலே பார்த்தால் வெறும் மணல். ஊற்று தோண்டினால் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சர்க்கரை வெளியிலிருந்து, உணவிலிருந்துதான் வர முடியும் என்று அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பிரான்சில் கிளாட் பெர்னார்ட் என்ற விஞ்ஞானி நாய்களுக்கு இறைச்சி மட்டுமே கொடுத்துப் பார்த்தார். அப்போதும் கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. அது 1848-ல். கிளைக்கோஜனைத் தனியே பிரித்தெடுத்தது 1857-ல். நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வீடுகளில், சுகர் ஏறினால் வாய்தான் குற்றவாளி.

சரி, எல்லாருக்கும் கல்லீரல் ராத்திரியில் சர்க்கரை விடுகிறது என்றால், எல்லாருக்கும் காலையில் ஏன் ஏறுவதில்லை? இங்கேதான் கணையம் வருகிறது. அதிலிருந்து சுரக்கும் இன்சுலின் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். குடலிலிருந்து உணவின் சத்தைச் சுமந்துகொண்டு போகும் அதே ரத்தக்குழாயில்தான் இன்சுலினும் கலக்கிறது. “சாப்பாடு வந்துவிட்டது, இனி நீ கொட்டாதே, சேர்த்து வை” என்பது அதன் கட்டளை. கணையத்திலிருந்தே வரும் குளுக்ககான் இதற்கு நேர்மாறானது, “எடுத்து விடு” என்று சொல்லும். இந்த இரண்டும் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டுக் கல்லீரல் நடந்துகொள்ளும் வரை, வெறும் வயிற்றுச் சுகர் 70-க்கும் 100-க்கும் இடையில் நிற்கும்.

இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரலுக்கு இன்சுலினின் பேச்சு சரியாகக் காதில் விழுவதில்லை. வயிற்றைச் சுற்றிச் சதை போட்டு, ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருந்தால் இது இன்னும் மோசம். போதாக்குறைக்குக் குளுக்ககானும் அடங்குவதில்லை. இதோடு விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை, எழுந்து வேலை செய்ய உடம்பைத் தயார்ப்படுத்தும் நேரம் அது. அவையும் சர்க்கரையை மேலே தள்ளும். அதனால்தான் படுக்கும்போது 140 இருந்தவருக்கு, ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்திருந்தாலும், காலையில் 170, 180 என்று நிற்கிறது. அந்த அம்மாவின் 178 இப்படி வந்ததுதான். நான் இதைச் சொன்னதும் அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். “நீயே உன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லும்மா” என்றார். மூன்று நாள் பட்டினியை விட, நம்பவில்லையே என்ற வருத்தம்தான் அவரை வாட்டியிருந்தது.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். காலைச் சுகர் ஏறுகிறது என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள், ஆனால் மாத்திரையை நிறுத்துவதில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவை வேலை செய்யும். லுங்கி நெய்யும் தறிக்காரர் ஒருவரை விடியற்காலை நாலு மணிக்கு அவர் மகன் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறல். பக்கவாதம் என்று பயந்து வந்திருக்கிறார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 48. குளுக்கோஸ் ஏற்றிய கால் மணி நேரத்தில் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரவு உணவை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்ததுதான் காரணம். அன்று மகன் விழித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி, தலைக்குள் ஒரு மந்தம் இருந்தால் உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சுகர் பார்க்கும் கருவி வீட்டில் இல்லையென்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அவரை நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

எதிர்த்தவறும் நடக்கிறது. “இன்னிக்கு சாப்பிடல, அதனால மெட்ஃபார்மின் போடல” என்பார்கள். மெட்ஃபார்மினின் முக்கிய வேலையே கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைப்பதுதான். வயிற்றுப் புரட்டல் வராமல் இருக்கத்தான் அதைச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். எந்த மாத்திரை எதற்கு என்று தெரியாமல் ஒன்றை நிறுத்தி ஒன்றைத் தொடர்வது எந்தப் பக்கமும் ஆபத்து. சீட்டைக் காட்டி, ஒவ்வொரு மாத்திரையும் என்ன செய்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நேரமில்லை என்று அவர் சொன்னாலும் கேளுங்கள்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ரமலான் மாதத்தில் இது இன்னும் முக்கியம். நோன்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வந்து, சஹருக்கு எது, நோன்பு திறக்கும்போது எது என்று மாத்திரை, இன்சுலின் அளவுகளை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சுகர் பார்த்தால் நோன்பு முறியாது என்பதுதான் மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும்.

அப்படியென்றால் ராத்திரி என்ன சாப்பிடுவது? பத்தரை மணிக்கு மூன்று பரோட்டா என்றால் காலைச் சுகருக்குக் கல்லீரலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏழரை, எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தட்டில் குவித்துப் போட்டால் மூன்று கப் வந்துவிடும். சோற்றை ஒரு கப்போடு நிறுத்தி, மீதி இடத்தைக் கத்தரிக்காய், கீரை, பருப்பு, சுண்டல், முட்டை என்று நிரப்புங்கள். நம் பக்கம் களிக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. “கேழ்வரகு சுகரை ஏத்தாது” என்று இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியை விட அதிகம். ஆனால் மாவுச்சத்தும் அரிசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாவாக அரைத்துக் கிண்டும்போது சீக்கிரம் செரிக்கவும் செய்கிறது. ஒரு சின்ன உருண்டை, கூடவே நிறைய கீரைக் குழம்பு. அது போதும்.

சாப்பிட்டவுடன் படுக்காமல் கால் மணி நேரம் நடங்கள். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றி நடக்கும் பழக்கம் இருக்கிறது, கோட்டை இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி போதும். தசைகள் 300, 400 கிராம் வரை சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். அது ஒரு வழிப் பாதை. கல்லீரல் மாதிரி ரத்தத்துக்குத் திருப்பித் தராது, அதற்கான நொதி தசையில் இல்லை. இன்னொரு நல்ல செய்தி, வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் தானே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வயதானவர்கள் மாதக்கணக்கில் இரவுப் பட்டினி கிடந்து, பகலிலும் பருப்பு, முட்டை குறைத்துத் தொடை மெலிந்து போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடத்தை அல்லவா கரைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் இந்த எறும்பு. “மூத்திரத்துல எறும்பு மொய்க்கல, அதனால எனக்கு சக்கர இல்ல” என்று இன்னமும் சொல்கிறார்கள். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டும் வரை சிறுநீரகம் அதைத் திருப்பி உள்ளே எடுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் 126 என்றாலே நீரிழிவு. எறும்பு வருவதற்குள் பல வருடம் போயிருக்கலாம்.

அந்த பீடி சுற்றும் அம்மாவுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றுதான். வீட்டில் மருமகளின் கருவி இருந்தது, கர்ப்பக் காலத்தில் வாங்கியது. ஐந்து நாளைக்கு ராத்திரி படுக்கும்போது ஒரு முறை, காலை எழுந்ததும் ஒரு முறை பார்த்து எழுதி வரச் சொன்னேன், ராத்திரி சாப்பாட்டை விடாமல். படுக்கும்போதே 240 இருந்து காலையில் 190 என்றால் இரவு உணவைத் திருத்த வேண்டும். படுக்கும்போது நன்றாக இருந்து காலையில் ஏறியிருந்தால் கல்லீரலுக்கு மருந்து யோசிக்க வேண்டும். நடுவில் தாழ்ந்து எழும்புகிறதா என்று அறிய ஒரு நாள் மட்டும் விடியற்காலை மூன்று மணிக்கும் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். மருமகளின் கையெழுத்து. முதல் நாள் படுக்கும்போது 138, காலையில் 171. மற்ற நாட்களும் அதே போல. மூன்று மணிக்குப் பார்த்தது 146. பக்கத்தில் நின்ற மகனிடம் தாளைக் காட்டி எது எங்கிருந்து வந்தது என்று விளக்கிவிட்டு, மாத்திரையை மாற்றி எழுதினேன்.