டிக்கியில் இருக்கும் பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று?

போன மாதம் ஒரு தம்பி ஹேட்ச்பேக் காரோடு வந்தார். “அண்ணே, பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபர் போட்டேன். எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே தும் தும்னுதான் வருது. ஸ்பீக்கரை மாத்திடலாமா?” என்றார். சப்வூஃபர் என்பது பேஸுக்கு மட்டுமான பெரிய ஸ்பீக்கர். போட்டுக் கேட்டேன். தவிலும் பேஸ் கிட்டாரும் ஒரே சத்தமாகக் கேட்டன. அதற்குக் கீழே இறங்கும் பேஸ் வரவே இல்லை.

ஸ்பீக்கரைக் கழற்றினேன். ரெடிமேடாக வாங்கிய சாய்வுப் பெட்டி. இந்த மாதிரிப் பெட்டியை டேப் வைத்து அளந்தால் கணக்கு தப்பும் என்பதால் நான் பொரியைக் கொட்டி அளப்பேன். ஒரு லிட்டர் டப்பாவில் பதினான்கு முறை கொட்டியதும் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. ஸ்பீக்கரின் காந்தமும் கூடை போன்ற சட்டமும் உள்ளே பிடிக்கும் இடம் சுமார் 3 லிட்டர். மிச்சம் 11 லிட்டர் காற்றுதான்.

இது சீல்டு பாக்ஸ், அதாவது காற்று போக வழியில்லாமல் மூடிய பெட்டி. இதில் அந்தக் காற்றுதான் ஸ்பிரிங். ஸ்பீக்கரின் முன்னால் ஆடும் கோன் உள்ளே போனால் தள்ளும், வெளியே வந்தால் இழுக்கும். காற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைத்துவிடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள மூன்று எண்களே சொல்லிவிடும்: எஃப்.எஸ் (ஸ்பீக்கர் இயல்பாக ஆடும் வேகம், ஹெர்ட்ஸில்; ஹெர்ட்ஸ் குறையக் குறைய பேஸ் ஆழமாகும்), க்யூ.டி.எஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது), வி.ஏ.எஸ் (ஸ்பீக்கரின் சொந்த ஸ்பிரிங்குக்குச் சமமான காற்றின் அளவு). தம்பியின் ஸ்பீக்கருக்கு அவை 30 ஹெர்ட்ஸ், 0.5, 50 லிட்டர். வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்ஸால் பெருக்க வேண்டும். விடை 0.7 வந்தால் பேஸ் சமமாக இருக்கும். காருக்கு 0.8, 0.9 வரை நான் ஒத்துக்கொள்வேன். ஒன்றைத் தாண்டினால் ஒரு இடத்தில் மட்டும் வீங்கும். தம்பியின் பெட்டிக்கு வந்த விடை 1.18. 70-90 ஹெர்ட்ஸ் பக்கம் வீக்கம், அதற்குக் கீழே வேகமான சரிவு. இதே ஸ்பீக்கர் 50 லிட்டர் பெட்டியில் தருவதைவிட 30 ஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல் குறைவு. அதை ஈடுகட்ட ஐந்து மடங்கு பவர் வேண்டும்.

காசு வீணாவது இங்கேதான். பேஸ் பத்தவில்லை என்று பேஸ் பூஸ்ட்டை ஏற்றுவார்கள், ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையர்) கெயினையும் முழுக்கத் திருப்புவார்கள். ஆம்ப் கிளிப் ஆகும், அதாவது சக்திக்கு மீறிப்போய் சத்தத்தைச் சிதைக்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சூடாகிக் கருகும். அப்புறம் “கம்பெனி சரியில்லை” என்று அடுத்த ஸ்பீக்கர் வாங்கி அதே பெட்டியில் மாட்டுவார்கள். பெட்டியை யாருமே சந்தேகப்படுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, பெரிய பெட்டியாகவே போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்தால் கோன் அளவுக்கு மீறி ஆடி அடிவாங்கும். டிக்கியிலும் இடம் இருக்காது. நான் 33 லிட்டருக்கு வந்தேன், விடை 0.79. காரில் இதுவே தாராளம். கண்ணாடியை ஏற்றிய சின்ன கேபின், கீழ் பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். சீல்டு பாக்ஸின் சரிவை அது பெருமளவு நிரப்பிவிடுகிறது. செடானில் டிக்கி தனியாக இருப்பதால் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

ஆசாரியிடம் சொல்லும்போது உள்ளளவா வெளியளவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். தம்பியின் புதுப் பெட்டி வெளியே 45க்கு 38க்கு 30 செ.மீ., அதாவது 51 லிட்டர். 18 மி.மீ. எம்.டி.எஃப் பலகையின் தடிமனை இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 37.6 லிட்டர்தான். ஸ்பீக்கருக்கு 3, உள்ளே கொடுத்த குறுக்குக் கட்டைக்கு ஒன்றரை போனால் 33. கொஞ்சம் குறைந்துபோனால் தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாகப் போடலாம். பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். 11 லிட்டர் பெட்டியை அது காப்பாற்றாது.

மாட்டியதும் கோனை இரண்டு கையாலும் மெதுவாக, சமமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் சீல் சரி. சட்டென்று திரும்பினாலோ ‘உஸ்’ சத்தம் வந்தாலோ, ஒயர் மாட்டும் டெர்மினல் பிளேட்டைச் சுற்றியும் மூலைகளிலும் சிலிகான் போட வேண்டும்.

இன்னொன்று. பெட்டியும் ஸ்பீக்கருமாக இருபது கிலோ வரும். சடன் பிரேக் போட்டால் அது பின்சீட்டை நோக்கித்தான் பாயும். தம்பியின் காரில் பழைய பெட்டி சும்மா வைக்கப்பட்டிருந்தது, பின்சீட்டில் குழந்தை சீட். புதுப் பெட்டியை எல் பிராக்கெட் வைத்து போல்ட் போட்டுத்தான் கொடுத்தேன்.