அணுவுக்கு வயதே ஆவதில்லை

"அயோடின்-131 இன் அரை ஆயுள் 8 நாள் என்றால், 16 நாளில் மொத்தமும் தீர்ந்துவிட வேண்டாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கிறார்களே, அந்தக் கதிரியக்க அயோடின்தான். அதன் அணுக்கள் தாமாகவே சிதைந்து வேறு அணுக்களாக மாறிவிடும்; இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்தான் அரை ஆயுள்.

தீராது. முதல் 8 நாளில் பாதி சிதையும். அடுத்த 8 நாளில் சிதைவது மீதியில் பாதிதான். 800 மைக்ரோகிராமில் தொடங்கினால் 400, 200, 100 என்று இறங்கும். இடைப்பட்ட நாளுக்கும் கணக்கு சுலபம்: கழிந்த காலத்தை அரை ஆயுளால் வகுத்து, வரும் எண்ணை ½க்கு அடுக்காகப் போடுங்கள். 20 நாளுக்கு அடுக்கு 2.5, மிஞ்சுவது சுமார் 141 மைக்ரோகிராம்.

சரி, ஏன் எப்போதும் மீதியில் பாதி? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அணுக்கருவுக்கு மூப்பு கிடையாது. நேற்று உண்டான அயோடின் அணுவுக்கும், ஒரு மாதமாகத் தாக்குப்பிடித்து நிற்கும் அணுவுக்கும் துளி வித்தியாசம் இல்லை. அடுத்த 8 நாளில் சிதையும் வாய்ப்பு இரண்டுக்கும் சரிபாதி. தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்தாலும், ஆறாவது முறை பூதான் விழ வேண்டும் என்று நாணயத்துக்குக் கட்டாயம் இல்லையே! (இத்தனை நாள் விழாத லாட்டரி எண் இனி விழுந்தே தீரும் என்று கணிப்பவர்கள் கொஞ்சம் அணு இயற்பியல் படிக்கலாம். காசாவது மிஞ்சும்.)

குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று எந்தக் கருவியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மைக்ரோகிராம் அயோடின்-131 இல் இருப்பவை சுமார் 4,600 லட்சம் கோடி அணுக்கள். 8 நாள் கழித்து எண்ணினால், சரிபாதியிலிருந்து சில கோடி அணுக்கள் கூடலாம், குறையலாம். மொத்தத்தில் அது பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தனித்தனியாகப் பார்த்தால் சுத்தக் குருட்டாம்போக்கு. கூட்டமாகப் பார்த்தால் கடிகாரத் துல்லியம்.

இன்னொரு சந்தேகமும் வரும். யுரேனியம்-238 இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள் என்கிறார்களே, யார் காத்திருந்து அளந்தது? காத்திருக்கவே வேண்டாம். மூப்பு இல்லாததால் சிதையும் வாய்ப்பு என்றும் மாறாது. இன்று ஒரு நொடியில் தெரிவதே போதும். ஒரு கிராம் யுரேனியம்-238 இல் நொடிக்குச் சுமார் 12,400 அணுக்கள் சிதைகின்றன. அந்த ஒரு கிராமில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கையை 12,400 ஆல் வகுத்து, 0.693 ஆல் (பாதியாகும் காலத்தைக் கணக்கிட உதவும் மாறாத எண், 2 இன் இயல் மடக்கை) பெருக்கினால் விடை நொடிகளில் வரும். அதை ஆண்டுகளாக மாற்றிப் பாருங்கள், அதே 447 கோடியை ஒட்டித்தான் வந்து நிற்கும்.